திமிங்கலங்கள் திரும்பி வந்த கதை



பிள்ளைப்பேற்றுக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துச் செல்லும் வழக்கம் நம்மிடையே உண்டு. வளைகாப்பு முடிந்ததும் பெட்டியைக் கட்டிக்கொண்டு, பஸ்ஸிலோ ரயிலிலோ ஏறி, தாய் இருக்கும் தோட்டத்திற்குப் போய்ச் சேர்வார்கள். குழந்தை பிறந்து, உடம்பு தேறி, முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்கிய பிறகுதான் திரும்பி வருவார்கள். கடலுக்குள்ளும் இதைப் போன்ற ஒரு பயணம் ஆண்டுதோறும் நடக்கிறது. குளிர் மிகுந்த தென்துருவக் கடலிலிருந்து புறப்பட்டு, ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையோரமாக ஏறத்தாழ 5,000 கிலோமீட்டர் நீந்தி வந்து, வெதுவெதுப்பான நீரில் குட்டி ஈன்று, பால் கொடுத்துத் தேற்றி, அதே வழியில் திரும்பிச் செல்லும் ஓர் உயிரினம் இருக்கிறது. அதுதான் கூன்முதுகுத் திமிங்கலம்.

இந்தத் திமிங்கலத்தின் வரலாற்றைத்தான் இன்று நாம் பார்க்கப்போகிறோம். இது ஒரு விலங்கின் கதை மட்டுமன்று. கணக்கின் கதையும் ஆகும். பொய்க் கணக்கு எழுதியவர்களும் இதில் வருகிறார்கள். உண்மைக் கணக்கை ஒளித்து வைத்துக் காப்பாற்றியவர்களும் வருகிறார்கள்.

முதலில் இந்த உயிரைச் சற்று அறிந்துகொள்வோம். திமிங்கலம் கடலில் வாழ்ந்தாலும் மீன் இனத்தைச் சேர்ந்ததன்று. அது நம்மைப் போல் நுரையீரலால் மூச்சு விடுகிறது. குட்டி போட்டுப் பால் கொடுக்கிறது. வளர்ந்த கூன்முதுகுத் திமிங்கலம் 12 முதல் 16 மீட்டர் நீளம் இருக்கும். எடையோ 25 டன்னுக்கும் மேல். நீரில் மூழ்கும்போது முதுகைக் கூனாக வளைத்துக்கொண்டு மூழ்குவதால் இந்தப் பெயர் வந்தது. இதன் முன் துடுப்புகள் உடலின் நீளத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இருக்கும். வாலின் அடிப்பக்கத்தில் கறுப்பும் வெள்ளையுமாக உள்ள கோலம் ஒன்றுக்கு இருப்பதுபோல் மற்றொன்றுக்கு இருப்பதில்லை. நமக்குக் கைரேகை எப்படியோ, அதற்கு வால் அப்படி.

இதன் உணவு கிரில் எனப்படும் இறால் போன்ற சிறு உயிர். தென்துருவக் கடலில் கோடைக் காலமாகிய டிசம்பர் முதல் மார்ச் வரையிலான மாதங்களில் கிரில் கூட்டம் கூட்டமாகப் பெருகும். திமிங்கலம் அப்போது வயிறு நிறையத் தின்று, தோலுக்கு அடியில் தடித்த கொழுப்பைச் சேர்த்துக்கொள்கிறது. குளிர்காலம் நெருங்கியதும் வடக்கு நோக்கிப் புறப்படுகிறது. மே, ஜூன் மாதங்களில் ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையைத் தொட்டு நீந்தி, ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் பெரும் பவளத்திட்டுப் பகுதியின் வெப்ப நீரை அடைகிறது. செப்டம்பர் முதல் நவம்பர் வரை தெற்கே திரும்பும் காலம். இந்த நெடும்பயணத்தில் அது பெரும்பாலும் உண்பதே இல்லை. சேர்த்து வைத்த கொழுப்புதான் அதற்குக் கட்டுச்சோறு.

ஒரு குளிர்காலத்தில் கருவுற்ற தாய், ஏறத்தாழ பதினொரு மாதம் சுமந்து, அடுத்த குளிர்காலத்தில் வெப்ப நீரில் ஈனுகிறது. பிறக்கும்போதே குட்டி நான்கு மீட்டருக்கு மேல் நீளமும் ஏறக்குறைய ஒரு டன் எடையும் இருக்கும். தாயின் பால் மிகவும் கெட்டியானது. அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கொழுப்பாகும். தான் ஒன்றும் உண்ணாமல், தன் உடம்பைக் கரைத்துத்தான் தாய் இந்தப் பாலைக் கொடுக்கிறது. ஒரு தாய் பொதுவாக இரண்டு அல்லது மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் ஈனும். அதுவும் ஒரே ஒரு குட்டியை. இந்தச் செய்தியை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் வரப்போகும் துன்பத்திற்கு இதுவே அடிப்படை.

உணவே இல்லாத வெப்பக் கடலுக்கு ஏன் இவ்வளவு தூரம் வரவேண்டும்? அறிஞர்கள் பல காரணங்களைச் சொல்கிறார்கள். பிறந்த குட்டியின் உடம்பில் கொழுப்பு குறைவு; வெப்ப நீரில் அது சக்தியை வீணாக்காமல் வளர முடியும் என்பது ஒன்று. குட்டிகளை வேட்டையாடும் ஓர்க்கா எனப்படும் கொலைத் திமிங்கலங்கள் துருவக் கடலை விட இங்கே குறைவு என்பது மற்றொன்று. காரணம் எதுவானாலும், தாயும் குட்டியும் திரும்பும் வழியில் அவசரப்படுவதில்லை. குயின்ஸ்லாந்து மாநிலத்தில் ககாரி தீவின் மறைவில் ஹார்வி விரிகுடா என்னும் அமைதியான நீர்ப்பரப்பு இருக்கிறது. தாய்த் திமிங்கலங்கள் பல அங்கே சில நாட்கள் தங்கி, குட்டிக்குப் பாலூட்டித் தேற்றிவிட்டே தெற்கே செல்கின்றன.

இவ்வளவு ஒழுங்கான பயணமே திமிங்கலத்திற்கு எமனாக வந்து வாய்த்தது. ஆண்டுதோறும் அதே மாதம், அதே வழி, கரைக்கு மிக அருகில், மெதுவான வேகம். வேட்டைக்காரனுக்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்?

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் துடுப்புப் படகிலிருந்து கையால் ஈட்டி எறிந்துதான் வேட்டையாடினார்கள். 1860களில் நார்வே நாட்டைச் சேர்ந்த ஸ்வெண்ட் ஃபாய்ன் என்பவர், நீராவிக் கப்பலின் முனையில் பீரங்கி வைத்து, வெடிக்கும் ஈட்டியைச் சுடும் முறையை உருவாக்கினார். 1925இல் பின்புறச் சரிவு கொண்ட ஆலைக் கப்பல்கள் தென்துருவக் கடலுக்குச் சென்றன. திமிங்கலத்தை அப்படியே கப்பலுக்குள் இழுத்து, நடுக்கடலிலேயே அறுத்து, எண்ணெய் காய்ச்சிவிடலாம். கரை தேவையில்லை; கரையில் இருப்பவர்களின் கண்ணும் இல்லை.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும், 1946இல் வாஷிங்டன் நகரில் திமிங்கல வேட்டையை ஒழுங்குபடுத்தும் அனைத்துலக ஒப்பந்தம் கையெழுத்தானது. அதன்படி ஓர் ஆணையம் அமைந்து, ஆண்டுக்கு இவ்வளவு என்று அளவு விதித்தது. ஆனால் அந்த அளவை எப்படிக் கணக்கிட்டார்கள் தெரியுமா? ஒரு நீலத் திமிங்கலத்துக்கு இரண்டரைக் கூன்முதுகுத் திமிங்கலம் சமம் என்றார்கள். உயிரை எண்ணவில்லை, வடியும் எண்ணெயைத்தான் எண்ணினார்கள். எந்த இனம் எத்தனை மிச்சம் இருக்கிறது என்பது அந்தக் கணக்கில் வரவே இல்லை.

போருக்குப் பிந்திய அந்த நாட்களில் உலகெங்கும் எண்ணெய்க்கும் கொழுப்புக்கும் தட்டுப்பாடு. திமிங்கல எண்ணெய் மார்ஜரினாகவும் சவர்க்காரமாகவும் மாறியது. 1952இல் குயின்ஸ்லாந்தில் மோர்ட்டன் தீவின் டாங்கலூமா என்னுமிடத்தில் ஒரு திமிங்கல ஆலை திறக்கப்பட்டது. 1954இல் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் பைரன் விரிகுடாவில் மற்றொன்று. நார்ஃபோக் தீவிலும் நியூசிலாந்திலும்கூட நிலையங்கள் இருந்தன. தாய்வீடு செல்லும் பாதை நெடுகிலும் பீரங்கி காத்திருந்தது.

அந்த ஆலைகளில் வேலை செய்தவர்களைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. அவர்களும் நம்மைப் போல் உழைத்துப் பிழைத்தவர்கள். இரத்தமும் எண்ணெயும் வழுக்கும் மேடையில் நீண்ட கத்தியோடு நின்று, நாற்றத்தைப் பொறுத்துக்கொண்டு, பிள்ளைகுட்டிகளுக்காகப் பாடுபட்டவர்கள். எத்தனை பிடிக்கலாம் என்று முடிவு செய்தவர்கள் அவர்கள் அல்லர்.

அறிவியலாளர்களும் அப்போது உழைத்தார்கள். திமிங்கலம் எங்கே போகிறது என்பதை அறிய, எண் பொறித்த உலோகக் குழாய் ஒன்றைத் துப்பாக்கியால் அதன் உடம்பில் பாய்ச்சுவார்கள். பிறகு வேறோரிடத்தில் அதே திமிங்கலம் கொல்லப்பட்டு அறுக்கப்படும்போது அந்தக் குழாய் கிடைக்கும். சிட்னியில் பணியாற்றிய வில்லியம் டாபின் போன்றவர்கள் இவ்வாறுதான் தென்துருவத்திற்கும் வெப்பக் கடலுக்கும் இடையே உள்ள வழியை வரைந்து காட்டினார்கள். அதன் பயணத்தைத் தெரிந்துகொள்ள அதன் சாவு தேவைப்பட்ட காலம் அது.

1960ஆம் ஆண்டு வாக்கில் நிலைமை சட்டென்று மாறியது. நேற்றுவரை கரையில் நின்று பார்த்தாலே தெரிந்த திமிங்கலங்கள் கண்ணில் படவில்லை. வேட்டைக் கப்பல்கள் நாள் கணக்கில் தேடி வெறுங்கையோடு திரும்பின. 1962இல் டாங்கலூமாவில் கிடைத்தவை 68 மட்டுமே. அந்த ஆண்டே ஆலை மூடப்பட்டது. பைரன் விரிகுடா ஆலையும் அதே ஆண்டில் மூடப்பட்டது. நியூசிலாந்தில் 1963இல் பிடிபட்டவை ஒன்பது. பத்து ஆண்டுகளில் டாங்கலூமாவில் மட்டும் 6,277 கூன்முதுகுத் திமிங்கலங்கள் கொல்லப்பட்டிருந்தன. பைரன் விரிகுடாவில் 1,146. கிழக்குக் கரை வழியில் ஆயிரக்கணக்கில் வந்துகொண்டிருந்த இனத்தில் சில நூறுக்கு மேல் மிஞ்சவில்லை என்று கணக்கிடப்பட்டது. 1963இல் தென் கோளத்தில் கூன்முதுகுத் திமிங்கல வேட்டை தடை செய்யப்பட்டது.

பால்மரக் காட்டில் வாழ்ந்த நம் பெரியவர்களுக்கு இது எளிதில் விளங்கும். கத்தி ஆழமாகப் பதிந்தால் மரத்தில் காயம் விழும். அந்த இடத்தில் புதுப்பட்டை ஒழுங்காக வளராது. அதனால்தான் பட்டையைக் கணக்காகச் சீவ வேண்டும் என்று தண்டல் கண்டிப்பார். வெட்டிச் சாய்க்கப்போகும் கிழட்டு மரத்தை மட்டும் மேலும் கீழும் சீவி, இருக்கும் பாலையெல்லாம் எடுத்துக்கொள்வார்கள். ஏனென்றால் அங்கே மறுநடவு வரப்போகிறது. திமிங்கலத்தைச் சீவியவர்களும் கடைசி மரத்தைச் சீவுவதைப் போலவே சீவினார்கள். மறுநடவுக்குத்தான் கன்று இல்லை.

ஆனால் ஒரு புதிர் எஞ்சியிருந்தது. கிரஹாம் சிட்டில்பரோ என்னும் ஆஸ்திரேலிய அறிவியலாளர், கூன்முதுகுத் திமிங்கலங்களைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். கரை ஆலைகளில் பிடித்த எண்ணிக்கையையும், கப்பல்கள் அறிவித்த எண்ணிக்கையையும் கூட்டிப் பார்த்தாலும், இவ்வளவு விரைவான சரிவுக்கு அது போதவில்லை. கணக்கில் வராமல் யாரோ கொன்றிருக்க வேண்டும். யார் அவர்கள்?

விடை வெளிவர முப்பது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. 1993இல், ரஷ்ய அறிவியலாளர் அலெக்சி யாப்லகோவ், அமெரிக்காவில் நடந்த கடல் பாலூட்டிகள் மாநாட்டில் உண்மையை எடுத்து வைத்தார். சோவியத் ஆலைக் கப்பல்கள் 1959 முதல் 1961 வரை இரண்டே பருவங்களில், ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் தெற்கே உள்ள கடலில், ஏறத்தாழ 25,000 கூன்முதுகுத் திமிங்கலங்களைக் கொன்றிருந்தன. 1948க்கும் 1973க்கும் இடையே தென் கோளத்தில் தாங்கள் கொன்றவை 2,710 என்று சோவியத் யூனியன் ஆணையத்திடம் எழுதிக் கொடுத்திருந்தது. உண்மையில் கொன்றவை 48,000க்கும் மேல்.

எதற்காக இப்படிக் கொன்றார்கள்? பசிக்காகவும் அல்ல, பெரிய தேவைக்காகவும் அல்ல. மேலிடம் ஆண்டுதோறும் உற்பத்தி இலக்கு விதித்தது. இலக்கைத் தாண்டினால் கப்பலுக்கு வெகுமதி. தாண்டினால் அடுத்த ஆண்டு இலக்கு இன்னும் உயரும். கொன்ற திமிங்கலத்தில் பெரும்பகுதி வீணாகக் கடலில் தள்ளப்பட்டதும் உண்டு. அந்தக் கப்பல்களில் அறிவியலாளர்களும் இருந்தார்கள். அவர்கள் ஒவ்வொரு திமிங்கலத்தின் நீளம், பால், கருவுற்றதா இல்லையா என்பதையெல்லாம் ஒழுங்காக எழுதினார்கள். வெளியுலகுக்கு அனுப்பப்பட்டதோ வேறு கணக்கு. உண்மை ஏடுகளை அழிக்க வேண்டிய நிலை வந்தபோது, சிலர் அவற்றை அழிக்கவில்லை. டிமித்ரி டார்மோசவ் என்பவர் தம் உருளைக்கிழங்கு நிலவறையில் அந்தத் தாள்களை மறைத்து வைத்துக் காத்தார். ஆட்சி மாறி, அச்சம் நீங்கிய பிறகு, அந்தத் தாள்கள்தான் சாட்சி சொல்ல வந்தன.

செக்ரோலில் ஒரு பேர் விடுபட்டால் ஒரு குடும்பத்தின் அடுப்பு எரியாது என்பதைத் தோட்ட மக்கள் அறிவார்கள். எழுதுகோல் பிடித்தவர் உண்மையாக எழுத வேண்டும் என்பது வெறும் ஒழுக்கப் பாடம் அன்று. பொய்க் கணக்கை நம்பித்தான் உலக நாடுகள், இன்னும் இவ்வளவு பிடிக்கலாம் என்று ஆண்டுக்கு ஆண்டு அளவு நிர்ணயித்துக்கொண்டிருந்தன.

இதே சோவியத் கப்பல்கள் 1966 நவம்பரில் அரபிக் கடலிலும் ஏறத்தாழ 240 கூன்முதுகுத் திமிங்கலங்களைக் கொன்றன. அரபிக் கடல் இனம் மற்றவற்றிலிருந்து வேறுபட்டது. அது துருவத்திற்குப் போவதில்லை. ஆண்டு முழுவதும் அதே வெப்பக் கடலில் உண்டு, அங்கேயே ஈனுகிறது. அன்று விழுந்த அடியிலிருந்து அந்த இனம் இன்னும் எழவில்லை. ஓமான் கரையோரம் நூற்றுக்கும் குறைவானவையே உள்ளன என்பது மதிப்பீடு. 2017இல் ஓமானில் ஒரு பெண் திமிங்கலத்தின் உடம்பில், செயற்கைக்கோள் வழி தடம் காட்டும் சிறு கருவியைப் பொருத்தினார்கள். அதற்கு லுபான் என்று பெயர்; அரபு மொழியில் குங்கிலியம் என்பது பொருள். அது அரபிக் கடலைக் குறுக்கே கடந்து, இந்தியாவின் தென்முனைக்கு அருகே வரை வந்து, பிறகு ஓமானுக்கே திரும்பியது. நம் முன்னோர் கப்பல் ஏறிய நாட்டின் கரையோரத்தையும் இந்த இனம் மறந்துவிடவில்லை.

மனிதரின் மனம் மாறியதற்கு ஒலியும் ஒரு காரணம். கூன்முதுகு இனத்தின் ஆண் திமிங்கலம், இனப்பெருக்கக் காலத்தில் நீண்ட நேரம் பாடும். ஒரு கடற்பகுதியில் உள்ள எல்லா ஆண்களும் ஒரே பாட்டைப் பாடும். பாட்டு ஆண்டுக்கு ஆண்டு சிறிது சிறிதாக மாறும். ரோஜர் பெய்ன், ஸ்காட் மெக்வே என்னும் இருவர் இதை ஆராய்ந்து 1971இல் வெளியிட்டார்கள். அதற்கு முந்தைய ஆண்டு அந்தப் பாடல்கள் இசைத்தட்டாக வெளிவந்து உலகெங்கும் விற்றன, வானொலிகளிலும் ஒலித்தன. அதுவரை எண்ணெய்ப் பீப்பாயாகத் தெரிந்த உயிர், அதன் குரலைக் கேட்ட பிறகு வேறாகத் தெரிந்தது. 1990களின் பிற்பகுதியில் மற்றொரு வியப்பும் நிகழ்ந்தது. ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரைப் பாட்டைச் சில திமிங்கலங்கள் கிழக்குக் கரையில் பாடத் தொடங்கின. இரண்டே ஆண்டுகளில் கிழக்குக் கரை ஆண்கள் எல்லாம் தங்கள் பழைய பாட்டை விட்டுவிட்டு அந்தப் புதுப் பாட்டைப் பாடின!

ஆஸ்திரேலியாவின் கடைசித் திமிங்கல ஆலை மேற்கு ஆஸ்திரேலியா மாநிலத்தின் ஆல்பனியில் 1978இல் மூடப்பட்டது. 1980இல் அந்நாடு திமிங்கலப் பாதுகாப்புச் சட்டம் இயற்றியது. 1982இல் அனைத்துலக ஆணையம் வணிக வேட்டையை நிறுத்தி வைக்க முடிவு செய்தது. அது 1986இல் நடப்புக்கு வந்தது.

வேட்டை நின்றதும் திமிங்கலங்கள் திரும்பத் தொடங்கின. முதலில் ஒன்று இரண்டு. பிறகு பத்து இருபது. கரையில் குன்றின்மேல் அமர்ந்து ஆண்டுதோறும் எண்ணினார்கள். ஆண்டுக்கு ஏறக்குறைய நூற்றுக்குப் பதினொன்று வீதம் பெருகி, 2015இல் கிழக்குக் கரை இனம் 24,500 என்ற அளவை எட்டியது. 2022இல் ஆஸ்திரேலிய அரசு, அழியும் நிலையில் உள்ள உயிரினங்களின் பட்டியலிலிருந்து இதன் பெயரை நீக்கியது. டாங்கலூமாவில் இன்று இருப்பது விடுமுறை விடுதி. ஹார்வி விரிகுடாவில் 1987 முதல் மக்கள் படகேறித் திமிங்கலம் பார்க்கிறார்கள். கொன்று கிடைத்த கூலியைப் போல், காட்டிக் கிடைக்கும் கூலியும் பல குடும்பங்களை வாழ வைக்கிறது.

நம் மனத்தைத் தொடும் செய்தி நியூசிலாந்திலிருந்து வருகிறது. அங்கே குக் நீரிணையைக் கடக்கும் கூன்முதுகுத் திமிங்கலங்களை எண்ணும் பணி 2004 முதல் 2015 வரை ஆண்டுதோறும் நடைபெற்றது. குன்றின்மேல் தொலைநோக்கியோடு அமர்ந்து எண்ணியவர்களுள் முன்னாள் வேட்டைக்காரர்களும் இருந்தார்கள். இளமையில் அதே குன்றுகளிலிருந்து திமிங்கலத்தின் மூச்சுப்புகையைக் கண்டு படகை ஏவியவர்கள் அவர்கள். அலைக்கு நடுவே எழும் அந்த வெண்புகையை அவர்களைவிடத் தெளிவாகக் காணும் கண்கள் வேறு யாருக்கு இருக்கும்? முன்பு கொல்வதற்குப் பயன்பட்ட அதே திறமை, முதுமையில் காப்பதற்குப் பயன்பட்டது. 1963இல் நாடு முழுவதும் ஒன்பதைப் பிடித்த அந்தக் கடலில், 2015இல் அவர்கள் எண்ணியவை 137.

ஆபத்து முற்றிலும் நீங்கிவிட்டது என்று நாம் சொல்ல முடியாது. கடற்கரைகளில் சுறாவுக்காகக் கட்டிய வலைகளில் திமிங்கலங்கள் சிக்குகின்றன; மீன்பிடிக் கயிறுகளை வாலில் சுற்றிக்கொண்டு நெடுந்தூரம் இழுத்துச் செல்கின்றன. கப்பல்கள் மோதுகின்றன. கடல் சூடேறுவதால் தென்துருவக் கிரிலுக்கு என்ன ஆகுமோ என்ற கவலையும் இருக்கிறது. கிரில் குறைந்தால் தாயின் உடம்பில் கொழுப்பு சேராது. கொழுப்பு சேராவிட்டால் குட்டிக்குப் பால் இல்லை.

ஆயினும் இந்த வரலாறு நமக்கு ஓர் ஆறுதலைத் தருகிறது. அழிவின் விளிம்புவரை போன ஓர் இனம், மனிதன் கையை எடுத்துக்கொண்டதாலேயே மீண்டு வந்திருக்கிறது. இதற்கு அரசுகளின் சட்டமும் வேண்டியிருந்தது. நிலவறையில் தாளைக் காத்த ஒரு மனிதரின் நேர்மையும் வேண்டியிருந்தது. பிள்ளைகள் பள்ளியில் கணக்குப் பாடத்தை வெறுக்கும்போது, இந்தக் கதையை அவர்களுக்குச் சொல்லுங்கள். சரியாக எண்ணுவதும், எண்ணியதை உண்மையாக எழுதுவதும் ஓர் உயிரினத்தையே காக்கும் என்று சொல்லுங்கள்.

அடுத்த ஜூன் மாதம் பிறக்கும்போது, பள்ளி விடுமுறையில் நம் பிள்ளைகள் பாட்டி வீட்டுக்குப் புறப்படும் வேளையில், தெற்கே நெடுந்தொலைவில், வயிற்றுச் சுமையோடு ஒரு தாய்த் திமிங்கலம் ஆஸ்திரேலியக் கரையோரமாக வடக்கே நீந்திக்கொண்டிருக்கும். அதன் வழியில் இன்று பீரங்கி இல்லை.